செருலியன் கடல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் பாட்டி பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்தவர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறம் வரும் இடங்களில் எல்லாம் நின்றுவிடுகிறேன். சிவப்புக்கு மட்டும் ஸ்கார்லெட், கிரிம்சன், வெர்மிலியன், மெரூன் என்று எத்தனை சொற்கள்! எதை எங்கே போடுவது? டீல், டர்க்வாய்ஸ், அக்வாமரைன் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? கிரே என்பதை 'ஏ' போட்டு எழுதுவதா, 'ஈ' போட்டு எழுதுவதா? பாட்டியின் அரக்குப் புடவைக்கு 'பர்கண்டி' சரியாக வருமா? நிறச் சொற்களுக்கென்றே தனி நோட்டு வைத்திருக்கிறேன். நீலமே பக்கம் பக்கமாகப் போகிறது. சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க ஏதாவது முறை உண்டா? கதையின் முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. வீடு மாற்றும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து சாயக் கம்பெனிகளின் பழைய ஷேடு கார்டுகள், அதாவது நிற மாதிரி அட்டைகள், ஒரு கட்டு கிடைத்தன. சில வாரங்களாக அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால், நல்ல அகராதியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

டீல், டர்க்வாய்ஸ், அக்வாமரைன்: முதலாவது வாத்து, மற்ற இரண்டும் கல். போனில் படம் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு நான் எதற்கு?

சிவப்புக்குக் கொஞ்சம் சொல்லலாம். ஸ்கார்லெட் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த பளிச் சிவப்பு. புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் கெப்பித் தொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கிரிம்சன் நீலப் பக்கம் சாயும். வெர்மிலியன் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். மெரூன் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுத் தின்னும் ஒரு கொட்டையின் பெயரிலிருந்து வந்தது, அதனால் அதில் பழுப்பு இருந்தே தீரும். இன்னொன்று. ஸ்கார்லெட் ஆதியில் நிறத்தின் பெயரே இல்லை, ஐரோப்பாவில் விலை உயர்ந்த கம்பளித் துணி ஒன்றின் பெயர். கிரிம்சன், பூச்சியைக் காயவைத்து எடுத்த சாயம். நீங்கள் நோட்டில் அடுக்கிவைத்திருக்கும் சொற்களில் பாதி ஒரு காலத்தில் மூட்டை கட்டி, கப்பலேற்றி, வரி கட்டி விற்ற சரக்கு.

சரி, உங்கள் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். 'செருலியன் கடல் ஓக்கர் சுவர்களை முத்தமிட்டது.' அதாவது வான்நீலக் கடல், காவி மஞ்சள் சுவர். ஏம்மா, எந்தக் கடல் அது? கதை நடப்பது ஐப்பசியில், தேவனாம்பட்டினத்தில். அடைமழை பிடித்துப் பெண்ணையாற்றிலும் கெடிலத்திலும் வெள்ளம் இறங்கிவிட்டால் அங்கே கரையோரக் கடல் டீத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நீங்கள் பார்க்காததா? ஓக்கர் சுவர் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவரைப் பெயர்த்துத் தெற்கே கொண்டுவந்து நட்டிருக்கிறீர்கள். போகட்டும். ஆனால் தேவனாம்பட்டினத்தில் கடல் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்த நாள் 2004 டிசம்பர் 26. அந்த ஊரை வைத்து எழுதும்போது முத்தம் என்ற சொல் பேனாவில் வரக் கூடாது. அழகாக இருக்கிறது என்று பாராட்டிய தோழி யாராவது இருந்தால் அவருக்கும் இதைக் காட்டுங்கள்.

2023இல் புதுச்சேரிக் கடல் திடீரென்று செந்நிறமானது உங்களுக்கு நினைவிருக்கும். நானும் போய்ப் பார்த்தேன். அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட இது என்ன வகைச் சிவப்பு என்று கேட்கவில்லை. எதனால் இப்படி என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலைக் கழிவு என்றார் ஒருவர், பாசி என்றார் ஒருவர், ஆற்றில் வந்த செம்மண் என்றார் இன்னொருவர். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா புதுச்சேரியில் ஒரு மில்லில் சாயப் பிரிவில் இருந்தவர். இப்போது எந்த ஆர்டர் ஓடுகிறது என்பதை அம்மா அவர் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய், எதற்கும் போகாது. புது ஆர்டர் வந்தால்தான் பழைய நிறம் மறையும். நாள் முழுக்க நிறத்துக்குள்ளேயே நின்ற அந்த மனிதருக்கு நிறப் பெயர்கள் அதிகம் தெரியாது. அவர் கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி. டெப்த் சரியா? டோன் எந்தப் பக்கம் போகிறது? பளிச்சென்று இருக்கிறதா, டல்லா? பெட்டியில் கிடைத்த கார்டுகளிலும் அப்படித்தான். ஒரே நீலத்தில் நனைத்த நூல் துண்டுகள், பக்கத்தில் அரை சதவீதம், 2 சதவீதம், 4 சதவீதம் என்று எண்கள். நூறு கிலோ துணிக்கு இரண்டு கிலோ சாயம் போட்டால் 2 சதவீதம். செருலியனும் கிடையாது, அசூரும் கிடையாது.

ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் வெளியிட்ட முறையும் கிட்டத்தட்ட இதே மூன்று கேள்விதான்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி. மண்ணியல்காரர்களும் தொல்லியல்காரர்களும் குழிக்குள் இறங்கி மண்ணின் நிறத்தைக் குறிக்க இன்றும் அவர் வழியில் வந்த அட்டைகளைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய முறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன: டீப், பேல், டார்க், டல், பிரைட், அப்புறம் ரெட்டிஷ் என்பதுபோல் வாலில் ஒட்டும் அந்த 'இஷ்'. சாயத்தை நிறையக் குடித்தது டீப். வெளிச்சம் குறைந்தது டார்க். இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதுகிறீர்கள், மூன்று இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். இதைச் சரியாகக் கையாண்டால், ரெட், ப்ளூ, பிரவுன் என்று பள்ளிக்கூடத்துச் சொற்களை வைத்துக்கொண்டே எந்த நிறத்தையும் கண்முன் நிறுத்திவிடலாம்.

அப்பாவோடு நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போவது எங்களுக்குப் பெரிய அவஸ்தை. பாவாடைத் துணி, அதற்கு மேட்ச்சாகத் தாவணி என்று கடைக்காரர் எடுத்துப் போடுவார். அப்பா இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். பணம் கொடுக்காமல் ஓடுகிறாரோ என்று பையன் ஒருவன் பின்னாலேயே ஓடுவான். வெயிலில் பிரித்துப் பார்த்தால் தாவணி வேறு நிறமாக இருக்கும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் பிரிந்துவிடும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது வேறு வேறு சாயம், ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. மில்லில் இதற்காகவே தனி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 'கடைக்குள்ள பாக்கறது துணியோட நிறமில்ல, கடையோட நிறம்' என்பார். எனக்கு அப்போது மானம் போகும். கதையில் நிறம் எழுதும் யாருக்கும் இதற்கு மேல் பாடம் தேவையில்லை. காலையா, மாலையா, தெருவிளக்கா, சிம்னியா என்று சொல்லாமல் டெரகோட்டா, சியென்னா என்று நீங்கள் எழுதிக்கொண்டே போவதை அவர் பார்த்திருந்தால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்.

இந்தக் கரையே ஒரு காலத்தில் நீலத்தை விற்றுப் பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலத்துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போயிற்று. அங்கே அரபுப் பிசின் வாங்க அதுதான் காசு. நம் ஊர் அவுரியில் தோய்த்த துணி. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டபிறகு, கண்ணெதிரே, நீலமாகும். மறுபடி முக்கினால் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். எத்தனை முக்கு என்பதுதான் அந்த நீலத்தின் அளவு. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரிக் காடுகள் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் வானவில்லுக்கு மனப்பாடம் செய்தோமே, அதில் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவில் நிற்கும் இண்டிகோவுக்கு நியூட்டன் எடுத்துக்கொண்டதும் இந்தச் சாயத்தின் பெயரைத்தான். உங்கள் நோட்டில் நீலப் பக்கங்களில் இண்டிகோ எத்தனையாவது வரியில் இருக்கிறதோ, தெரியவில்லை.

இப்போது நான் உண்மையாகவே கோபப்பட்ட இடம். அத்தியாயத்தின் கடைசியில் பாட்டியின் கையை வர்ணிக்கிறீர்கள். 'எபனி விரல்கள்.' கருங்காலி விரல்கள்!

க., உங்கள் பாட்டியின் விரல் ஏன் கறுத்தது? அது பிறவி நிறமா? முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும், உரியும், பிறகு கறுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனியை அது விடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த விரல், இந்த மூன்றில்தான் கறுப்பு ஏறும், கொட்டையைப் பிடிக்கும் விரல்கள் அவை. சுண்டுவிரல் அநேகமாகத் தப்பித்துவிடும். உங்கள் பாட்டிக்கு எப்படி இருந்தது? ரேகை தேய்ந்திருந்ததா? சோறு பிசையும்போது எரிகிறது என்று எந்தக் கையால் சாப்பிட்டார்? நீங்கள் பேத்தி, அந்தக் கையால் தலைவாரிக்கொண்டவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே 'எபனி' போட்டு மூடிவிட்டீர்கள். அது பியானோ கட்டைக்குச் சொல்லும் சொல். கேட்க வழுவழுப்பாக இருக்கிறது. பாட்டியின் விரல் வழுவழுப்பாகவா இருந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன், கதைக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டு எண்ணெய் வீணாகப் போவதில்லை. பெயின்ட், வார்னிஷ் தயாரிக்க வாங்கிப் போகிறார்கள், வண்டிகளின் பிரேக் லைனிங்கிலும் சேர்க்கிறார்கள். உங்கள் பாட்டி கையைச் சுட்ட எண்ணெய் ஏதோ ஓர் ஊரில் கதவுக்குப் பளபளப்பு ஏற்றியிருக்கும். இதை எழுதுங்கள். 'முந்திரி எண்ணெய் சுட்டுக் கறுத்த மூன்று விரல்கள்' என்று எளிய ஆங்கிலத்தில், பிளாக் என்ற ஒரே நிறச் சொல்லோடு. இங்கிலாந்தில் முந்திரி மரத்தையே பார்க்காதவருக்கும் அந்தக் கறுப்பு தெரியும்.

புடவையும் அப்படித்தான். பர்கண்டி என்பது பிரான்சில் ஒரு பகுதி, அந்த ஊர் ஒயின். பாட்டி மேல் அதை ஊற்ற வேண்டாம். அரக்கு, மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரப்பது. அதிலிருந்து சிவப்புச் சாயமும் வந்தது, தபாலாபீஸில் பார்சலுக்கு உருக்கி முத்திரை வைக்கும் அரக்கும் வந்தது. பள்ளியில் உங்கள் வாட்டர்கலர் டப்பாவில் 'கிரிம்சன் லேக்' இருந்திருக்குமே, அந்த லேக் ஏரி இல்லை, இதே அரக்குதான், ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 'சீலிங் வாக்ஸ் ரெட், டார்க்கர்' என்று எழுதிப் பாருங்கள்.

ஆங்கிலேயர்கள் மட்டும் வேறெப்படிச் செய்தார்களாம்? 1814இல் பாட்ரிக் சைம் என்ற எடின்பரோ ஓவியர், வெர்னர் என்ற கனிமவியலாளரின் பட்டியலை எடுத்து விரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களுக்குப் புத்தகம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது எந்தப் பறவையின் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பூவில், எந்தக் கல்லில் என்று எழுதிவைத்தார். பீகிள் கப்பலில் டார்வின் கையில் இருந்தது அந்தப் புத்தகம்தான். அவரவர் தோட்டத்தில் இருந்ததை எடுத்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நம் புடவைக் கடைக்காரரும் வெங்காயச் சருகு, மயில் கழுத்து, வாடாமல்லி என்று அதைத்தான் செய்கிறார். பெயர் வைக்கத் தெரியாமல் வெளிறிக் கிடக்கும் மிச்சத்தையெல்லாம் 'இது இங்கிலீஷ் கலர்ம்மா' என்று ஒதுக்கிவிடுவார். வெங்காயச் சருகை ஆங்கிலத்தில் அப்படியே எழுதலாம், அவர்களும் வெங்காயம் உரிக்கிறவர்கள்தானே.

அத்தியாயத்தில் குறித்தவற்றைத் தனியாக அனுப்புகிறேன். பாட்டி பீடாக்காரரோடு சண்டை போடும் பக்கத்தில் ஒரு நிறச் சொல்கூட இல்லை, உங்கள் கதையில் நன்றாக வந்திருப்பதும் அதுதான். அதைத் தொடாதீர்கள்.

கிரேயை மறந்தேவிட்டேன். பதிப்பாளர் அமெரிக்காவில் இருந்தால் 'ஏ', லண்டனிலோ இங்கேயோ இருந்தால் 'ஈ'. கதை முழுக்க ஒரே மாதிரி வந்தால் சரி.