பாம்புக்கடியும் கட்டும் – ஒரு கடிதம்

வணக்கம் டாக்டர்,

ஆறு மாதத்துக்கு முன் வரப்பு வெட்டும்போது அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது, இடது பாதத்தில். நான் உடனே துண்டைக் கிழித்து, கெண்டைக்காலில் ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று என்று இறுக்கிக் கட்டினேன். குச்சியைச் செருகி முறுக்கவும் செய்தேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கட்டியதால்தான் விரல் போனது என்று அங்கே ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நல்லது நினைத்துச் செய்தது இப்படித் தீங்காய் முடியுமா? முடிந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? சிறியாநங்கை இலையும் கொடுத்தோம், பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோனோம். அதெல்லாமும் தவறா? அப்பா இப்போது நடக்கிறார். எந்நேரமும் அசதி என்கிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. நான் எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சரியாகக் கட்டும் முறையைச் சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன், கால் மணிக்கு ஒருதரம் தளர்த்த வேண்டும் என்று. அதுவே பரிகாரமாக இருக்கட்டும்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இலையையும் பாம்பையும் முதலில் முடித்துவிடுகிறேன். இலை விஷத்தை முறிக்காது. கடிபட்டவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள், வாந்தி வந்தால் புரையேறும். பாம்பைத் தேடி அடிக்கப் போகிறவர் அடுத்த கடியை வாங்குவார், வெட்டிய தலையும் கடிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். பாம்பு எதிரிலேயே கிடந்தால் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: கண்ணாடி விரியனின் விஷமே சதையை அழிக்கக்கூடியது. கட்டே போடாமல் வந்தவர்களுக்கும் விரல் போயிருக்கிறது. உங்கள் கட்டு அதை மோசமாக்கியிருக்கலாம். விஷம் எடுத்தது எவ்வளவு, கட்டு எடுத்தது எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களிடம் அப்படிச் சொன்னவராலும் முடியாது. ஒரு மகன் பதறி ஓடிவந்து கட்டிய கட்டு அது. பழைய முதலுதவிக் கையேடுகள் கட்டத்தான் சொல்லின. படித்தவர்களும் அதைத்தான் கற்பித்தார்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரிகளைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரிகாரம் என்று சொல்லிக்கொண்டு, அதே கட்டை இன்னும் 20 பையன்கள் கையில் கொடுக்கப் போகிறீர்களா? அப்பாவின் காலைப் பார்த்த பிறகுமா, தம்பி? சரியாகக் கட்டும் முறை என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

கடித்த இடத்திலிருந்து விஷம் பெரும்பாலும் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் மெல்ல ஏறுகிறது. காலை அசைக்க அசைக்கத் தசை அதைப் பிதுக்கி மேலே தள்ளும். துண்டால் இறுக்கும்போது முதலில் அடைபடுவது சிரை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய், அதில் அழுத்தம் குறைவு. ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் தமனி திறந்தே இருக்கும். ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. கால் வீங்குகிறது. துணி அதே அளவில்தான் இருக்கிறது, கால் பருத்துக்கொண்டே போகிறது. கட்டியபோது தாங்கிய இறுக்கம் அரைமணி நேரத்தில் சதைக்குள் பதிந்துவிடும். குச்சி வைத்து முறுக்கினால் தமனியும் அடைபடும். அதற்குக் கீழே தசையும் நரம்பும் ரத்தமில்லாமல் சாகத் தொடங்கும். விரியன் விஷமாயிருந்தால் அது முழுவதும் அங்கேயே தங்கி அந்தச் சதையைக் கரைக்கும்.

கால் மணிக்கு ஒருதரம் தளர்த்தினால் என்ன ஆகும்? தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாயும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் மூச்சுத் தசைகள் சட்டென்று செயலிழக்கலாம். விரியனாயிருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழலாம். உங்கள் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்தில் பத்து முறை இதைச் செய்வீர்கள், ஆக்ஸிஜனோ மருந்தோ இல்லாத சாலையில்.

யாராவது கட்டிவிட்டுக் கொண்டுவந்தால் மருத்துவமனையில் எப்படி அவிழ்க்கிறார்கள் தெரியுமா? முதலில் விஷமுறிவு மருந்தும், மூச்சு நின்றால் செயற்கை மூச்சுக் கொடுக்கும் கருவிகளும் பக்கத்தில் வரும். கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டுக்கு மேலே சுற்றிக் காற்றடித்து, அதன் பிறகு துணியை அவிழ்த்து, பட்டையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அவ்வளவு ஆபத்து அந்த முடிச்சில் இருக்கிறது. அதனால், இறுகக் கட்டி நேரமாகிவிட்ட ஒருவரைப் பார்த்தால் வழியில் பதறி அவிழ்க்காதீர்கள். அப்படியே கொண்டுபோய், கட்டு இருக்கிறது என்று முதல் ஆளிடமே சொல்லுங்கள்.

இன்னொரு தீங்கும் உண்டு. கட்டிவிட்டோம், இனி விஷம் ஏறாது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் மந்திரிக்கிறவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பார்கள், சொந்தக்காரர் கார் வரட்டும் என்பார்கள். நேரம் போய்விடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள்.

ஆஸ்திரேலியாவில் கால் முழுக்க எலாஸ்டிக் துணி சுற்றுகிறார்களே என்று வீடியோ பார்த்துவிட்டு யாராவது கேட்பார்கள். அங்குள்ள பாம்புகளின் விஷம் பெரும்பாலும் கடித்த இடத்துச் சதையை அவ்வளவாகக் கெடுக்காது. விரியன்கள் உள்ள நம் வயலுக்கு அது வேண்டாம்.

பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கடிபட்டவரை அப்படியே உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். ஒரு அடிகூட நடக்கவிடாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் ஐஸ் வைப்பதும் வேண்டாம். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல மூங்கில் பட்டையோ தடித்த அட்டையோ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். துணிக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், காலை அசைக்காமல் வைப்பதற்கு மட்டும்தான் அந்தத் துணி. வாந்தியோ மயக்கமோ இருந்தால் இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். 108-ஐ அழைக்கும்போது ‘பாம்புக்கடி’ என்று சொல்லுங்கள். வண்டி வர நேரமாகுமென்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, எல்லார் போனிலும் அந்த எண்ணைப் போட்டு வையுங்கள்.

அங்கே போனதும் 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். ‘சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்’ என்று அந்த 20 நிமிடத்தில் சண்டை போடாதீர்கள். குழந்தைக்கும் பெரியவர் அளவே மருந்தா என்றும் பயப்படாதீர்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும். 1 மில்லி மருந்து 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லி, அதனால்தான் 10 குப்பியில் தொடங்குகிறார்கள். அந்த மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது, 1978-இல் தொடங்கிய சங்கம். நீங்கள் அடித்தீர்களே, அதே இனப் பாம்பிலிருந்தும்தான் எடுக்கிறார்கள்.

இப்போது அப்பா. எந்நேரமும் அசதி, சாப்பாடு குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். விரலையே நினைத்துக்கொண்டு அதைக் கவனிக்காமல் இருக்கிறீர்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலருக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் கெடுத்துவிடும், மாதங்கள், வருடங்கள் கழித்தும் தெரியவரலாம். அசதி, பசியின்மை, உடம்பு ரோமம் உதிர்வது எல்லாம் அதன் அறிகுறிகள். சிறுநீரகத்துக்கு ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிட்யூட்டரிக்கு, காலை 8 மணிக்குக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் பிட்யூட்டரிக் கோளாறில் அது சரியாக இருப்பதுபோலவே காட்டலாம், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். கால்வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வலிமாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ‘ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடி விரியன் கடித்தவர்’ என்று முதலில் அதைச் சொல்லுங்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள், ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.