குற்றத்தால் சமூகத்துக்கு ஏதாவது பயன் உண்டா?

நீங்கள் சமூகவியல் மாணவர் என்று நினைக்கிறேன். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது, ஒருவன் தவறும்போது மற்றவர்கள் கூடிக் கோபப்படுவதில்தான் ஊரின் ஒழுங்கு உறுதிப்படுகிறது என்பது 1890-களில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் சொன்னது. தேர்வுக்கு இது போதும். எனக்குப் போதாது.

என் தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்தவர். ஏர் பிடித்துப் பிழைத்தவர். பிறர் பொருளைத் தொட்டதில்லை. ஆனாலும், சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளையர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. எங்கள் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். விரல் ரேகையைக் கொடுத்துவிட்டு ஆண்கள் இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் தாத்தாவும் அங்கேதான் படுத்தார். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

பிறகு தாத்தா, அப்பாவின் சிலேட்டில் தன் பெயரை மட்டும் எழுதப் பழகினார். ஒருமுறை பத்திரப் பதிவுக்கு நானும் கூடப் போயிருந்தேன். மை டப்பாவை நீட்டியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சாதிப் பெருமை பேசவும் நான் வரவில்லை. களவுக்குப் போனவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களைப் பிடித்துத் தண்டித்திருக்கட்டும். அதைச் சாக்காக வைத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் முத்திரை குத்தியது எந்த ஊர் நியாயம்? அது பயன்பட்டது எங்களை அடக்கி வைத்திருந்த அரசுக்கு மட்டும்தான்.

சாக்ரடீஸும் ஏதென்ஸ் சட்டப்படி குற்றவாளிதான், ஆனாலும் அந்தக் குற்றம் ஊருக்குப் பயன்பட்டது என்று துர்கைமே எழுதியிருக்கிறார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றதும் அன்றைய சட்டத்துக்குக் குற்றம். 1920 ஏப்ரல் 3 அன்று மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் அங்கே உயிர்விட்டார்கள். பயனுள்ள குற்றம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. போன மாதம் ரேஷன் கடையில் அம்மாவின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. காலமெல்லாம் களையெடுத்துத் தேய்ந்த விரல். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார்கள். மூன்று நாள் வெறும் பையோடு திரும்பினார். கையெழுத்துப் போடுகிறேன் என்று அம்மா கேட்டதற்கு, அதெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.