அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல சீசன் ஆரம்பத்துலயே நம்பர் ஒன் டீம் எப்படி சின்ன காலேஜ் கிட்ட தோக்குது?

சீசன் தொடங்கற நவம்பர்ல வர்ற ரேங்கிங்க ரொம்ப நம்பாதீங்க, அது முக்கால்வாசி பத்திரிகைக்காரங்க கணிப்புதான். சில பெரிய காலேஜ்ல பாதி டீம் இப்பதான் ஸ்கூல் முடிச்சு வந்த பசங்க, எதிர்ல வர்றவங்க சில சமயம் மூணு நாலு வருஷம் சேர்ந்து ஆடினவங்க. 2019ஐயே எடுத்துக்கோங்க, அப்ப நம்பர் ஒன்னா இருந்த கென்டக்கி 90,000 டாலர் குடுத்து எவன்ஸ்வில்ங்கற சின்ன காலேஜ் டீம ஆட கூப்பிட்டு சொந்த கோர்ட்லயே 67-64னு தோத்துச்சு (சொந்த காசுல சூனியம்!). ஜெயிச்ச கோச் வால்டர் மெக்கார்ட்டி கென்டக்கியோட பழைய பிளேயர் வேற. ரெண்டு வாரத்துல அடுத்த நம்பர் ஒன் டியூக்கும் காலி, ஓவர்டைம்ல 83-83, கடைசி செகண்ட்ல ஸ்டீபன் எஃப் ஆஸ்டின் டீம் நேதன் பெய்ன் பந்த தூக்கிட்டு கோர்ட் முழுக்க ஓடி ஆட்டம் முடியற பஸ்ஸர் அடிக்கறப்ப லேஅப் (கூடை பக்கத்துல போய் போடற ஷாட்) போட்டான், டியூக் தன்னோட கான்ஃபரன்ஸுக்கு (லீக் மாதிரி காலேஜ் குழு) வெளிய இருக்கற டீம்கள ஹோம்ல தொடர்ந்து 150 மேட்ச் ஜெயிச்ச கணக்கு அதோட முடிஞ்சுது. ஆனா அதே எவன்ஸ்வில் அப்புறம் கான்ஃபரன்ஸ்ல 18 மேட்சும் தோத்துச்சு.