மேசையே இரண்டு துண்டு

கேள்வி: பிரம்மாண்டமான படங்களின் மேக்கிங் வீடியோக்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு? படத்தின் மாயத்தைக் கெடுக்கிற விளம்பரம்தானே அதெல்லாம்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நடிகர்கள் ஆளுக்கு அரை நிமிடம் டைரக்டரைப் புகழ்ந்துவிட்டுப் போகும் துண்டு வீடியோவைச் சொல்கிறீர்கள் என்றால், சரி, அது விளம்பரம்தான். அதை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தின் நீளமான பதிப்பு 2002 நவம்பரில் நான்கு டிவிடிகளாக வந்தது, அதில் இரண்டு முழுக்கப் படம் உருவான கதைதான். அதைப் பார்த்துவிட்டு, மாயம் கெட்டதா என்று சொல்லுங்கள்.

அதில் மந்திரவாதி கண்டால்ஃபும் ஹாபிட் என்னும் குள்ள இனத்து ஃப்ரோடோவும் ஒரே மேசையில் டீ குடிப்பார்கள், ஒருவர் நெடிய ஆள், மற்றவர் குள்ளம். கிராஃபிக்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன். மேசையே இரண்டு துண்டாம்! கண்டால்ஃபின் பாதி கேமராவுக்குப் பக்கத்தில் சின்னதாக, ஃப்ரோடோவின் பாதி தள்ளிப் பெரிதாக. கேமரா நகர்ந்தால் ஃப்ரோடோ உட்கார்ந்திருக்கும் பலகையும் கூடவே உருளும், நம் கண்ணுக்கு அது ஒரே மேசைதான். துண்டுகள் சேரும் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்றே பிறகு பலமுறை உட்கார்ந்தேன், இரண்டு வசனம் தாண்டுவதற்குள் அதை மறந்து கதைக்குள் போய்விடுவேன்.

அப்புறம் படைவீரர்கள் போடும் அந்தச் சங்கிலிக் கவசங்கள். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கிக் கையால் கோர்த்துக் கோர்த்தே, படத்துக்கு ஆயுதமும் கவசமும் செய்துகொடுத்த வேட்டா பட்டறையில் இரண்டு பேருக்கு விரல் ரேகை தேய்ந்துபோனது.

அதே உலகத்து முன்கதையான 'தி ஹாபிட்' படங்கள் மூன்றையும் 3டியில் எடுத்ததால் மேசை வித்தை பலிக்கவில்லை. 3டி கேமராவின் இரண்டு லென்ஸும் சேர்ந்து ஆழத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் குள்ளர்களாக நடித்தவர்கள் ஒரு செட்டில், கண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் தனியாக, பின்னணியைப் பிறகு கிராஃபிக்ஸில் சேர்க்கும் ஒரு பச்சை அறையில். எதிரே கம்பிகளில் அந்தக் குள்ளர்களின் 13 புகைப்படங்கள், யார் பேசுகிறாரோ அவர் படத்தில் விளக்கு எரியும். எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் உடைந்து அழுதுவிட்டார், இதற்காகவா நடிகனானேன் என்று முணுமுணுத்தார், மைக் அணைக்கப்படாததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. முதலில் இயக்கவிருந்த கில்லர்மோ டெல் டோரோ விலகிய பிறகு முன்தயாரிப்புக்கு நேரமே இல்லாமல் ஷூட்டிங்கில் இறங்கிவிட்டேன் என்று டைரக்டர் பீட்டர் ஜாக்ஸனும் 2015-இல் வந்த மூன்றாம் பாக டிஸ்க்கில் களைத்த முகத்தோடு ஒப்புக்கொள்கிறார். படத்தை விற்ற நிறுவனமே இதையும் சேர்த்து விற்றது! இதையும் விளம்பரம் என்பீர்களா?

அந்த மூன்று 'ஹாபிட்' படங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த டிஸ்க்கை மட்டும் இன்னும் எடுத்துப் பார்க்கிறேன்.