மூடியைத் திறக்காதீர்கள்: வீட்டு இன்குபேட்டர் கேள்வி பதில்

நாட்டுக்கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துக் குஞ்சு எடுக்கிற ஆள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே நிபந்தனை, பெட்டி மூடியைச் சும்மா சும்மா திறக்கக் கூடாது.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு 37.5 டிகிரி வைத்தேன். 30 முட்டையில் நாலுதான் பொரிந்தது, அதுவும் 23ஆம் நாள்.

21 நாளில் வரவேண்டியது 23இல் வந்தால் சூடு பற்றவில்லை. 37.5 என்பது உள்ளே ஃபேன் ஓடும் பெட்டிக்கு. ஃபேன் இல்லையென்றால் சூடு மேலேயே நின்றுவிடும். முட்டையின் மேல்முகத்தில் 38.5 வரை வேண்டும். உங்கள் சென்சர் ஒயர் பல்புக்குப் பக்கத்தில் தொங்குகிறதா? அப்படியென்றால் அது பல்பின் காய்ச்சலைத்தான் சொல்கிறது. முட்டை மட்டத்துக்கு இறக்குங்கள். அப்புறம், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சென்சரையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்து முக்கிப் பாருங்கள். என் முதல் பெட்டியில் ஒன்றரை டிகிரி வித்தியாசம். இருபது முட்டையைக் குப்பையில் கொட்டின பிறகுதான் தெரிந்தது.

பாளையங்கோட்டை: கத்திரி வெயிலில் வைக்கலாமா? கரண்ட் வேறு போகிறது.

கரண்ட் போவதைவிட வெயில்தான் மோசம். பெட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், ஆற்றத் தெரியாது. மாடி அறை 40 டிகிரியானால் பல்பு அணைந்தும் உள்ளே சூடு இறங்காது. சில மணி நேரத்தில் கரு செத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரக் குளிரை முட்டை தாங்கும். கீழ்வீட்டில், வெயில் படாத அறையில், தரையோடு வையுங்கள். கரண்ட் போனால் பெட்டி மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எட்டிப் பார்க்காதீர்கள்.

ஈரப்பதம் முதல் 18 நாளுக்கு 50–55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65–70. சித்திரையில் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் வற்றும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் பாதித் தண்ணீரே போதும். முட்டையைத் தினம் மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

எல்இடி பல்பு போட்டால் கரண்ட் பில் குறையுமே?

குறையும். குஞ்சும் வராது. எல்இடியில் அந்தச் சூடு கிடையாது.

கடை முட்டையை வைக்கலாமா?

சேவலே இல்லாத பண்ணை முட்டை அது. பொரித்துச் சாப்பிடலாம், குஞ்சு பொரிக்காது.

வயலில் மயில் முட்டை கிடந்தது…

கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம் அக்கா: இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டியில் அடை வைக்கும்போது இரும்புத் துண்டும் கரியும் போடுவாள். இன்குபேட்டரிலும் போடவா?

போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் இடியோடு கரண்ட் போகிறதே, முட்டை கெட அதுதான் காரணம்.

நாங்குநேரி: ஆச்சி காலத்தில் கரண்டே கிடையாதே, அண்ணாச்சி?

மடக்கிவிட்டீர்கள், சரி. அந்தக் காலத்தில் இடி என்றால் கூடவே மழை. கூடை நனையும், அடைக்கோழி எழுந்து ஓடும், முட்டை சில்லிட்டுப் போகும். பழி இடி மேல்.

அக்கா: அதெல்லாம் இல்லை. போன சித்திரையில் இரும்பு போடாமல் வைத்து 11 முட்டையும் போச்சு.

எத்தனை நாள் சேர்த்த முட்டை அக்கா?

அக்கா: 18 நாள். அடுக்களையில்தான் இருந்தது.

ஏழு நாளுக்கு மேல் வைத்தாலே பொரிப்பு குறையும். அடுப்புச் சூட்டில் 18 நாள் கிடந்த முட்டை, இடி வருவதற்கு முன்னாலேயே கெட்டுப்போயிருக்கும்.

அக்கா: இருந்தாலும் நான் இரும்பு போடத்தான் செய்வேன்.

ஃபேனில் படாமல் போடுங்கள்.

களக்காடு: கூர்முட்டை என்றால் சேவல்தானே?

இல்லை. சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியின் குரோமோசோம் முடிவு செய்வது. முட்டை வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கரு பிடித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். சிலந்தி கால் பரப்பின மாதிரி செந்நரம்பும் நடுவில் அசையும் கறுப்புப் புள்ளியும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது, எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி வெடிக்கும்.

குஞ்சுக்கு வெள்ளைக் கழிச்சல்…

திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். நான் மருத்துவர் இல்லை.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் பெட்டியில் இன்றைக்கு 21ஆம் நாள். மதியம் ஒன்று ஓட்டில் ஓட்டை போட்டது. இன்னும் வரவில்லை, கத்துகிறது. திறந்து உரித்துவிடவா?

எத்தனை தடவை சொல்ல! ஓட்டை போட்டதிலிருந்து முழுசாக வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். உள்ளே சும்மா இல்லை அது. மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஒருமுறை பொறுக்காமல் உரித்தேன். சவ்வில் நரம்பு அறுந்து என் நகத்தில் ரத்தம், குஞ்சு போய்விட்டது. முதலில் வந்த குஞ்சுகளையும் அவசரமாக எடுக்காதீர்கள், இரண்டு நாள் இரையில்லாமல் தாங்கும்.

இப்போது ராத்திரி மணி ஒன்பது. நாளை மதியம் வந்து சொல்லுங்கள்.