மனித அறிவுள்ள நாய்க்குட்டி: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: அறிவியல் புனைகதைகளை விரும்பிப் படிக்கும் என் மகனுக்காக, ஐந்து வயதுக் குழந்தையின் அறிவு வரும்படி மரபணு மாற்றிய லேப்ரடார் குட்டி ஒன்றுக்கு 15,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருக்கிறேன். மொத்த விலை 60,000. குட்டி கணக்குப் போடும் வீடியோவையும், அரசு விலக்கு அளித்த ஆணையின் நகலையும் தரகர் அனுப்பினார். மீதியைக் கொடுக்கலாமா? (முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு நாயை உலகில் இதுவரை யாரும் உருவாக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வரப்போவது, வந்தால், ஒரு சாதாரணக் குட்டிதான்.

கதைகளில் ஒரே ஊசியில் விலங்கு பேசத் தொடங்கிவிடும். ஆய்வுக்கூடங்களில் நடந்திருப்பதோ மிகச் சிறியது. 1999இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், நினைவாற்றலோடு தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுண்டெலிகளில் கூடுதலாக வேலை செய்யவைத்தார்கள். அவை விரைவாகக் கற்றன. ஆனால் நீடித்த வலியை மற்ற எலிகளைவிட அதிகமாக உணர்ந்தன என்பது பின்னர் தெரியவந்தது. 2019இல் சீனாவில், மூளை வளர்ச்சிக்குரிய மனித மரபணு ஒன்றைப் பெற்ற 11 குரங்குகளில் ஆறு இறந்துபோயின; எஞ்சியவை குறுகிய கால நினைவுச் சோதனையில் சற்றுத் தேறின, அவ்வளவே. நாயின் மூளைப் புறணியில் சுமார் 50 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன, நமக்கோ சுமார் 1,600 கோடி. ஒரு மரபணுவைத் தொட்டு இந்த இடைவெளியைக் கடக்க இயலாது.

அந்த வீடியோவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் படித்தவர்களும் ஏமாறுவது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் பார்வையில் படாதபோதும் அது தடுமாறியதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துக் காட்டினார். எதிரே நிற்பவரின் தலையசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியிருந்தது. குட்டியை நேரில் காட்டச் சொல்லி, தரகரை வெளியே நிறுத்திவிட்டு, விடை தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தரகரும் இதற்கு இசைய மாட்டார்.

அடுத்து அந்த ஆணை. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அப்படியொரு விலக்கு அளித்தது உண்மையே. ஆனால் அது மரபணுத் திருத்தம் செய்த செடிகளுக்கு மட்டும், அதிலும் வேற்று உயிரின் மரபணு எதுவும் எஞ்சியிராத செடிகளுக்கு மட்டும் உரியது. நெல்லுக்குப் பொருந்தலாம், கடுகுக்குப் பொருந்தலாம். நாய்க்கும் பூனைக்கும் கோழிக்கும் மீனுக்கும் பொருந்தாது. நகலில் ‘தாவரங்கள்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். விலங்கென்றால் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும்.

சாதாரண நாய்க்குட்டிக்கே 2017இல் விதி வந்துவிட்டது: வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் விதி தாளில் கிடக்க, கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் அட்டைப்பெட்டியில் பேருந்து ஏறுகின்றன. புகார் கொடுக்கப் போனவரை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. எத்தனை ஆண்டுதான் இதையே சொல்லிக்கொண்டிருப்பது?

முன்பணத்தை இணையவழியில் அனுப்பியிருந்தால், இன்றே 1930 என்ற எண்ணை அழைத்து இணையக் குற்றப் புகார் கொடுங்கள். உரையாடல்களையும் பணப் பரிமாற்ற எண்ணையும் அழிக்காதீர்கள். இதற்குள் குட்டி வந்துவிட்டால் தரகரிடம் திருப்பி அனுப்பாதீர்கள், அது வேறொருவருக்குக் கைமாறும். குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், வாந்தியும் இரத்தப்போக்கும் இருக்கிறதா என்று முதலில் காட்டுங்கள். இப்படி வரும் குட்டிகளைப் பெரும்பாலும் கொல்வது பார்வோ நோய்தான், அதற்குத் தடுப்பூசி உண்டு.