கண்டெய்னர் ஏறுறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி, பதில்

போன மாசம் இந்தப் பகுதியில, லேப் டெஸ்ட் ஃபெயில்னு ஐரோப்பாவுல இருந்து சரக்கு திரும்பி வர்றதைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு எதிர்பாக்கல. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல. ஒரே மாதிரி கேட்டவங்களைச் சேர்த்து ஒரு கேள்வியா போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, எங்களுது சின்ன பிரிண்டிங் யூனிட், நாலே டேபிள்தான். ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு குழந்தைங்க டீஷர்ட் ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்தோம். வெளிநாட்டு பையர் டெஸ்ட்ல என்.பி.இ (நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட்) இருக்குன்னு சொல்லி, எக்ஸ்போர்ட்டர் எங்க பில்லுல அந்த நஷ்டத்தைக் கழிச்சு டெபிட் போட்டுட்டாங்க. அந்தப் பேர்ல நாங்க ஒரு கெமிக்கலும் வாங்கினதே இல்ல. எப்படி வந்துச்சு? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, நீங்க சொல்றதை நான் முழுசா நம்பறேன், ஏன்னா என்.பி.இ-ன்னு பேர் போட்டு கடையில யாரும் விக்கறதில்ல. அது சாயமும் இல்ல, பிக்மென்ட்டும் இல்ல. அழுக்கையும் எண்ணெயையும் தண்ணியோட கலக்க வைக்கிற சோப்பு மாதிரி ஒரு சரக்கு. துணியை நனைய வைக்கிற வெட்டிங் ஏஜென்ட்ல இருக்கலாம், ஸ்கவரிங்குக்கு, அதாவது துணியை அலசி அழுக்கெடுக்க, ஊத்தற சோப் ஆயில்ல இருக்கலாம், சாஃப்ட்னர்ல, கலரைத் துணியில ஒட்ட வைக்கிற பைண்டர்ல, ஸ்க்ரீன் கழுவற திரவத்துல கூட இருக்கலாம். நான் கம்ப்ளையன்ஸ் வேலையில இருந்தப்ப ஒரு யூனிட்ல இதே பிரச்சனை, மூணு நாள் ஒவ்வொரு டப்பாவா சாம்பிள் எடுத்து அனுப்பினோம், கடைசியில மாட்டினது மூலையில கிடந்த இருபது லிட்டர் வெள்ளை கேன். லேபிளே இல்ல, மூடியில மார்க்கர்ல "சோப்பு"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. வேலை பாத்த அண்ணன் அதை ஒரு மக்கு ஊத்தினா துணி நல்லா நனையுதுன்னு வருஷக்கணக்கா ஊத்திட்டு இருந்தார், அவர் மேல ஒரு தப்பும் இல்ல, அவர்கிட்ட யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

சட்டம் என்னன்னா, தண்ணியில துவைக்கற மாதிரியான துணியில எடையில 0.01 சதவீதத்துக்கு மேல இது இருக்கக் கூடாது, அதாவது ஒரு கிலோ துணியில 100 மில்லிகிராம். 2021 பிப்ரவரி 3ல இருந்து ஐரோப்பிய யூனியன் முழுக்க இதுதான் கணக்கு. ஏன் இப்படி ஒரு சட்டம்னு தெரிஞ்சுக்கோங்க, ரொம்ப முக்கியம். இது போட்டுக்கறவங்க உடம்புக்காக வந்த சட்டம் இல்ல. துணியை முதல் ரெண்டு மூணு தடவ துவைக்கும்போது இது கழண்டு சாக்கடைக்குப் போகுது, அங்க உடைஞ்சு நானைல்ஃபீனால் ஆகுது, அது மீனோட ஹார்மோனைக் கெடுக்குது. அவங்க ஊர் மில்லுல இதை 2000கள்லயே கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க, ஆனாலும் தண்ணியில வந்துட்டே இருந்துச்சு, எங்கேருந்துன்னு பாத்தா இறக்குமதி ஆன துணியிலேருந்து. ஸ்வீடன்தான் முன்னாடி நின்னு இந்தத் தடையைக் கேட்டு வாங்குச்சு.

நீங்க பண்ண வேண்டியது, உள்ள வர்ற ஒவ்வொரு கேனுக்கும் உள்ள என்ன ஆபத்தான சரக்கு இருக்குன்னு சொல்ற சேஃப்டி டேட்டா ஷீட் கேளுங்க, குடுக்காத சப்ளையர்கிட்ட வாங்காதீங்க. துணியை டெஸ்ட் பண்றதுக்குப் பதிலா கெமிக்கலை டெஸ்ட் பண்ணுங்க, ஒரு தடவ பண்ணினா அந்த லாட் முழுக்க நிம்மதி. டெபிட் விஷயத்துல எனக்கு நிஜமாவே கோபம் வருது. எதெது இருக்கக் கூடாதுங்கற லிஸ்ட்ல பையர்கிட்ட கையெழுத்து போட்டது எக்ஸ்போர்ட்டர், அந்த லிஸ்ட் இங்கிலீஷ்ல நாப்பது பக்க பிடிஎஃப்பா அவங்க மெயில்லயே கிடக்கும், டேபிள் பிரிண்டிங் வரைக்கும் இறங்கி வராது. உங்க ஜாப் ஒர்க் ஆர்டர்ல அந்த லிஸ்ட்டை இணைச்சுக் குடுத்தாங்களான்னு பாருங்க. இல்லேன்னா டெபிட்ட எழுத்துல மறுத்து லெட்டர் குடுங்க.

கேள்வி: அந்த பச்சை லேபிள் சர்டிபிகேட் எல்லாம் இல்லாம ஐரோப்பாவுக்கு அனுப்பவே முடியாதாமே? (வாசகி, கரூர்)

பதில்: முடியும்மா. ஓக்கோ-டெக்ஸ், காட்ஸ் மாதிரி துணி சர்டிபிகேட் எல்லாம் சட்டம் இல்ல, பையர் கேக்கறது. சட்டம் கேக்கறது ரீச் (ஐரோப்பிய யூனியனோட கெமிக்கல் சட்டம்) மாதிரியான விதிகளை. ஆனா பையர் கேட்டா அதுவும் கட்டாயம் மாதிரிதான் ஆயிடுது, அது வேற விஷயம். யாராவது ஏஜென்ட் "இது இல்லேன்னா கஸ்டம்ஸ்ல நிறுத்திடுவாங்க"ன்னு பணம் கேட்டா எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு கேளுங்க.

கேள்வி: ஐயா/அம்மா, நாங்க ஷூ அப்பர் லெதர் பண்றோம். தோலைப் பதனிடப் போடறது மூணாம் நிலை குரோமியம்தான், பேப்பர் இருக்கு. இங்க டெஸ்ட்ல பாஸ், அங்க போய் ஆறாம் நிலை குரோமியம் இருக்குன்னு ஃபெயில். வேணும்னே பண்றாங்களா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: வேணும்னே பண்ணல, ரெண்டு ரிப்போர்ட்டும் உண்மையா இருக்கலாம். ட்ரம்ல நீங்க போட்டது மூணாம் நிலைதான். ஆனா தோல்ல இருக்கற அது காத்து, சூடு, வெளிச்சம் பட்டு மெல்ல ஆறாம் நிலைக்கு மாறும். தோலை மெதுவாக்கப் போடற ஃபேட் லிக்கர்ல பச்சை மீன் எண்ணெய் மாதிரி சீக்கிரம் சிக்கு நாத்தம் அடிக்கற எண்ணெய் இருந்தா இன்னும் வேகமா மாறும். தோல்ல இருக்கற அமிலத்தைக் குறைக்கற நியூட்ரலைசேஷன்ல கார நிலை ஏறிப்போனாலும் இதேதான். இப்ப யோசிச்சுப் பாருங்க, சென்னை துறைமுகத்துல வெயில்ல நிக்கிற இரும்பு கண்டெய்னர், அப்புறம் வாரக்கணக்குல கடல். இங்க கிளம்பும்போது இருந்த தோலும் அங்க இறங்கற தோலும் ஒண்ணு இல்ல.

ஐரோப்பிய யூனியன்ல 2015 மே 1ல இருந்து உடம்புல படற எந்த லெதர் பொருள்லயும் ஆறாம் நிலை குரோமியத்துக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் லிமிட். காரணம் அலர்ஜி. அது ஒரு தடவ புடிச்சுக்கிட்டா ஆயுசுக்கும் போகாது, லெதர் ஷூ, வாட்ச் வார் எதைப் போட்டாலும் தோல் வெடிச்சு அரிக்கும். நம்ம டேனரியில வெறுங்கையில வேலை பாத்தவங்க கையைப் பாத்திருக்கீங்கதானே, அதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல.

என் யோசனை, சாம்பிளை 80 டிகிரியில 24 மணி நேரம் வெச்சு ஏஜிங் பண்ணிட்டு அப்புறம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, கடல்ல நடக்கப் போறது ஓரளவு இங்கயே தெரிஞ்சுடும். ரீடேனிங்ல, அதாவது ரெண்டாவது தடவ பதனிடும்போது, கொஞ்சம் தாவரச் சாறு சேருங்க, வாட்டில் மரப்பட்டைச் சாறு மாதிரி. நம்ம தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு பதனிட்டதுல இருந்த அதே துவர்ப்புதான் இங்க குரோமியம் மாறாம புடிச்சு வெக்குது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க, 1990 வாக்குல ஜெர்மனி பி.சி.பி-ங்கற (பென்டாகுளோரோஃபீனால்) பூஞ்சைக்கொல்லியைத் தடை பண்ணி, பூஞ்சை பிடிக்காம இருக்க தோலுக்கு என்ன போடறதுன்னு தெரியாம இந்த ஏரியாவே தவிச்சதை நேர்ல பாத்த ஆளுங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க அங்க இருக்காங்க.

கேள்வி: கடல்ல பிடிச்ச இறாலை அமெரிக்கா வாங்க மாட்டேங்குது, வளர்ப்பு இறாலை வாங்குது. ஆமைக்காக எங்க வயித்துல அடிக்கறது நியாயமா? (விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்)

பதில்: அண்ணே, இதுக்கு நீளமா பதில் சொல்லணும். அமெரிக்கா 1989ல ஒரு சட்டம் போட்டுச்சு, இழுவை மடியில (விசைப்படகு இழுத்துட்டுப் போற வலை) ஆமை தப்பிக்கற கருவி வெக்காத நாட்டுல இருந்து கடல் இறால் வாங்கக் கூடாதுன்னு. முதல்ல கரீபியன், மேற்கு அட்லாண்டிக் பக்க நாடுகளுக்கு மட்டும்தான், அவங்களுக்கு மூணு வருஷம் டைம் குடுத்து கருவி வெக்கறது எப்படின்னு சொல்லியும் குடுத்தாங்க. அப்புறம் 1995 கடைசியில அவங்க கோர்ட் ஒண்ணு இது உலகம் முழுக்கன்னு சொல்லிடுச்சு, நம்மளுக்குக் கிடைச்சது நாலே மாசம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு பேரும் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டாங்க. 1998 அக்டோபர்ல அப்பீல்ல தீர்ப்பு வந்துச்சு. ஆமையைக் காப்பாத்தறதுக்காக ஒரு நாடு இப்படிச் சட்டம் போடலாம், அதுல தப்பில்ல, ஆனா ஒருத்தனுக்கு மூணு வருஷம் இன்னொருத்தனுக்கு நாலு மாசம்னு நடத்தினது பாரபட்சம்னு சொன்னாங்க. நாம ஜெயிச்சோம்னு அப்ப பேப்பர்ல வந்துச்சு. ஆனா அமெரிக்கா சட்டத்தை எடுக்கல, நடத்தற விதத்தை மாத்திக்கிச்சு. மலேசியா மறுபடி கேஸ் போட்டு 2001ல தோத்துச்சு. நம்ம கடல் இறாலுக்கு 2019ல இருந்து கதவு சாத்தினபடியே இருக்கு.

நியாயமான்னு கேட்டீங்க. அந்த நாலு மாசம் நியாயமே இல்ல. ஆனா 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்கான பங்குனி ஆமை செத்து ஒதுங்கினதை நான் நேர்ல போய் பாத்தேன், கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி, மூச்சு விட மேல வர முடியாம வலையில மாட்டிச் செத்ததுங்க. அந்தக் கருவி பெரிய மந்திரம் இல்ல, மடியோட வாய்க்கும் நுனிக்கும் நடுவுல ஒரு இரும்புக் கம்பிச் சட்டம், கம்பிக்குக் கம்பி நாலு இஞ்ச், இறால் உள்ள போயிடும், ஆமை முட்டிக்கிட்டு மேலயோ கீழயோ இருக்கற வழியா வெளிய போயிடும். பெரிய மீனும் அப்படியே போயிடுமேங்கற உங்க பயம் எனக்குப் புரியுது. கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம மடிக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பண்ணியிருக்காங்க. ஒரு போட்டுல ஒரு ட்ரிப் வெச்சு ஓட்டிப் பாருங்க, புடிச்சது எவ்வளவு, போனது எவ்வளவுன்னு எழுதி எனக்கு அனுப்புங்க, அதை அப்படியே இங்க போடறேன்.

கேள்வி: இதெல்லாம் நம்ம சரக்கைத் தடுக்க வெள்ளைக்காரன் பண்ற வேலைன்னு அப்பா சொல்றார். உண்மையா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: அப்பா சொல்றதுல பாதி உண்மை இருக்கும்மா. உள்ளூர் மில்லு கத்தறதுக்காகப் போட்ட விதிகளும் உண்டு. அதுக்காகத்தான் உலக வர்த்தக அமைப்புல டெக்னிக்கல் தடைகள் ஒப்பந்தம்னு 1995ல இருந்து ஒண்ணு இருக்கு. தேவைக்கு மேல வியாபாரத்தை நெருக்கக் கூடாது, சட்டம் வர்றதுக்கு முன்னாடியே எல்லா நாட்டுக்கும் அறிவிச்சு கருத்து சொல்ல டைம் தரணும், வழக்கமா 60 நாள். நம்ம பக்கம் இதுக்குப் பொறுப்பு பிஐஎஸ், இந்தியத் தர நிர்ணய அமைப்பு. இ-பிங்னு ஒரு தளம் இருக்கு, இலவசம், உங்க பொருளைச் சொல்லிப் பதிஞ்சா புது அறிவிப்பு வரும்போது மெயில் வரும். அப்பாவுக்கு இன்னைக்கே பதிஞ்சு குடு.

மீதிப் பாதியைச் சொல்றேன். 1994ல ஜெர்மனி சில அஸோ சாயங்களைத் தடை பண்ணினப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, ஆபீஸ்ல எல்லாரும் இதேதான் சொன்னாங்க, சதின்னு. ஆனா அந்தச் சாயத்துலேருந்து பிரியற பென்சிடின் மாதிரி சரக்கு என்ன பண்ணும்னு அவங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். 1895லயே லுட்விக் ரேன்னு ஒரு ஜெர்மன் சர்ஜன், சாயப் பட்டறை ஆளுங்களுக்கு மூத்திரப்பையில கட்டி வர்றதை எழுதி வெச்சிருக்கார். 1997ல நம்ம அரசும் அந்தச் சாயங்களைத் தடை பண்ணுச்சு. அதனால முதல்ல தப்பிச்சது சாயத் தூளை கையில அள்ளின நம்ம ஆளுங்கதான்.

ஆனா எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தச் சட்டம் துணியை மட்டும்தான் பாத்துச்சு. கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா பாஸ், துணி சுத்தம், கப்பல் ஏறிடுச்சு. அதே துணி சாயம் போன தண்ணி நொய்யல்ல கலந்து ஒரத்துப்பாளையம் அணையில தேங்குச்சு, விவசாயத்துக்குன்னு கட்டின அணையில இருந்து தண்ணி திறக்காதீங்கன்னு விவசாயியே கெஞ்சற நிலைமை. உப்பும் சாயமும் துணியில இல்லாததால எந்த ஜெர்மன் லேபும் கேக்கல. அதைக் கேட்டது நம்ம விவசாயிங்க, 2011 ஜனவரியில எழுநூத்துச் சொச்சம் சாயப்பட்டறையை மூடச் சொன்னது நம்ம ஹைகோர்ட். அதனாலதான் பொருளைப் பாக்கற சட்டத்தை விட, பொருளைச் செய்யற விதத்தைப் பாக்கற சட்டத்தை நான் ஆதரிக்கறேன், செலவுல பையரும் பங்கு போட்டுக்கணும்ங்கற கண்டிஷனோட. விலையை பீஸுக்கு ஒரு சென்ட் கூட ஏத்தாம ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது சொட்டுக் கழிவுத் தண்ணியும் வெளிய விடாதேன்னு, கேட்டா அது எங்கேயோ ஒரு கூலிக்காரன் சம்பளத்துலதான் கழியும்.

கேள்வி: போல்ட் நட் பண்றோம். ஜெர்மனி கஸ்டமர் கார்பன் கணக்கு கேக்கறார். கரன்ட் பில்லை அனுப்பினா போதுமா? (வாசகர், கோவை)

பதில்: போதாது சார், அது பெருசா தேவையும் படாது. உங்க கஸ்டமர் கேக்கறது கார்பன் எல்லை வரிக்காக, அதாவது ஒரு பொருளைச் செய்யறப்ப வந்த கார்பன் புகைக்கு ஐரோப்பா இறக்குமதியில போடற வரி; அதுல இரும்புப் பொருளுக்கு நேரடிப் புகைதான் கணக்கு, கரன்ட் இல்ல. உங்க பட்டறையில ஃபர்னஸ் கேஸ் எவ்வளவு எரியுதுன்னு ஒரு கணக்கு, அதோட நீங்க போல்ட் பண்ண வாங்கற ஒயர் ராடு (இரும்புக் கம்பி) எந்த மில்லுல வந்துச்சு, அந்த மில்லு நிலக்கரி ஊதுலையா, ஸ்கிராப் உருக்கறதா, இதுதான் பெரிய தொகை. அதனால மில்லுகிட்ட எழுத்துல டேட்டா கேளுங்க, தரலேன்னா ஐரோப்பா தன் கணக்குல ஒரு நம்பர் போட்டுக்கும், அது உங்களுக்கு நல்லதா இருக்காது. 2023 அக்டோபர்ல இருந்து ரிப்போர்ட் மட்டும் இருந்துச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து காசு. கட்டறது அந்த ஊர் இறக்குமதியாளர்தான், வருஷத்துக்கு 50 டன்னுக்குக் கீழ இறக்குமதி பண்றவருக்கு விலக்கு உண்டு, உங்க கஸ்டமர் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க.

கேள்வி: எங்களுக்கு மூணு ஏக்கர் காபி. காடு அழிச்சு வந்த காபி இல்லைன்னு ஐரோப்பாவுக்கு நிரூபிக்கணுமாம், வியாபாரி மேப் கேக்கறார். (வாசகி, ஏற்காடு)

பதில்: பயப்படாதீங்கம்மா. 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்டை அழிச்ச நிலத்துக் காபி வரக் கூடாதுங்கறதுதான் சட்டம், அது அமலுக்கு வர்ற தேதியை ரெண்டு தடவ தள்ளிப்போட்டாச்சு. நாலு ஹெக்டேருக்குக் கீழன்னா முழு மேப் வேண்டாம், தோட்டத்துல ஒரே ஒரு புள்ளியோட அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர் போதும், அந்த நம்பர்ல தசமப் புள்ளிக்கு அப்புறம் ஆறு இலக்கம் இருக்கணும். பையனைக் கூட்டிட்டு காபிச் செடிக்கு நடுவுல போய் நில்லுங்க, போன்ல லொகேஷனை எடுத்து, பட்டா சர்வே நம்பரோட ஒரே தாள்ல எழுதி ஒரு காப்பி நீங்களும் வெச்சுக்கோங்க. பட்டா இன்னும் மாமனார் பேர்லதான் இருக்குன்னு லெட்டர்ல எழுதியிருக்கீங்க, அதை மாத்தற வேலையை இந்த அறுவடைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.